அக்காவின் இதயத்தை மூன்று விதமாக வரைந்தேன்

திரையில் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, பால்கனிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பொழிச்சலூரில் எங்கள் வீட்டின் சின்ன அறை. ஜன்னலைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்து, தியேட்டர் மாதிரி இருட்டாக்கி வைத்திருந்தேன். அவளுக்காகவே பல வாரம் உட்கார்ந்து செய்த படம் அது. மொத்தமே ஒரு நிமிடம்தான் ஓடும். அதில் பாதியைக்கூட அவள் பார்க்கவில்லை.

நானும் பின்னாலேயே போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றாள். தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பகுதியில் விமானம் போகும்போது பேச்சை நிறுத்திவிடுவது எல்லோருக்கும் பழக்கம். சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

"நல்லா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான்டா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதான் பாக்க முடியல."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. உள்ளே போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். வெயில் அறைக்குள் வந்ததும் திரையில் இருந்த இதயம் மங்கலாகத் தெரிந்தது.

ஓட்டக் கற்றுக்கொடுப்பவள்

அக்கா பெயர் கௌசல்யா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். கோவிலம்பாக்கத்தில் பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். அத்தான் ஆரம்பித்தது. அவர் போன பிறகு, மூடிவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தோம். அவள் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டு, மறுவாரமே வண்டியை எடுத்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு நானும் என் மனைவி கீதாவும்தான்.

பயிற்சி வண்டியில் இடதுபக்க இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அக்கா அதில் கால் வைத்தபடிதான் உட்காருவாள். மற்றவர்கள் ஓட்டும் காரில் ஏறினாலும் அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். திருப்பதிக்குப் போனாலும் வழியில் கண்ணை மூட மாட்டாள். டாக்ஸி டிரைவருக்கே "இண்டிகேட்டர் போடுப்பா" என்று சொல்கிறவள்.

அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து வெகு நாளாகியிருந்தது. எங்களிடம் சொல்லவில்லை. தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் நின்று, செல்போனில் ஏதோ தேடுவது போலப் பாவனை செய்வாள். நானும் அவள் போனில்தான் மும்முரமாக இருக்கிறாள் என்று நம்பினேன்.

ஒருநாள் வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அவளுக்கு மூச்சு அடைத்துவிட்டது. பேச முடியவில்லை. ஸ்டியரிங்கில் இருந்தவர் வங்கியில் வேலை பார்க்கும் பெண்மணி. கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அந்த அம்மா வண்டியை ஓரம் கட்டவில்லை. முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரன் அடித்தபடியே, பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் நடுவில் ஓட்டி, குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

நான் அலறியடித்துக்கொண்டு ஓடினால், அக்கா மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். குழாயை விலக்கிவிட்டு என்னிடம் சொன்ன முதல் விஷயம், "மூணாவது கியருக்கு மேல அவங்க போனதே இல்லடா. இன்னைக்கு நாலுல வந்தாங்க" என்பதுதான்.

அந்தப் பெண்மணி இப்போதும் சொந்தமாகக் கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். அவரை நினைக்காத நாள் எங்கள் வீட்டில் இல்லை.

திறக்காத கதவு

சின்ன வயதில் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. தொண்டை வலியில் ஆரம்பித்து, முட்டி வீங்கி, பல நாள் படுத்திருந்தாள். எழுந்ததும் எல்லோரும் மறந்துவிட்டோம். அந்தக் காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. இத்தனை வருடம் கழித்து அந்த வால்வு தடித்து, இறுகி, சரியாகத் திறக்க முடியாமல் ஆகிவிட்டது. ரத்தம் முன்னால் போக வழியில்லாமல் நுரையீரல் பக்கம் தேங்குகிறது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது என்றார் டாக்டர் ஷீலா.

பலூன் வைத்து விரிக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. வால்வையே மாற்ற வேண்டும் என்றார். இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, அதன் வேலையை வெளியே ஒரு இயந்திரம் பார்த்துக்கொள்ள, பழைய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வைப் பொருத்துவார்கள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். காகிதத்தில் படம் போட்டும் காட்டினார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சை மாற்றினாள். பொங்கல் கழியட்டும் என்றாள். பொங்கல் கழிந்ததும், மாத்திரையிலேயே நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். கீதா அழுதுகூடப் பார்த்தாள். அக்கா அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்டர், ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

உள்ளே என்ன நடக்கும் என்பது அவளுக்குச் சரியாகப் புரியவில்லை, அதனால்தான் பயப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. காகிதத்தில் போட்ட கோட்டுப்படம் போதாது. நேரில் பார்ப்பது போல ஒரு படம் காட்டினால் மனது மாறிவிடும். எனக்குத் தெரிந்த ஒரே வேலையும் அதுதானே.

டம்ளரில் தெரிந்த ஜன்னல்

நான் எழுதிவரும் இந்தத் தொடரை நடுவில் படிக்க ஆரம்பித்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் இருந்தவன். அது மூடப்பட்ட பிறகு வீட்டிலேயே கணினியில் முப்பரிமாணப் படங்கள் செய்யக் கற்றுக்கொண்டேன். கட்டப்போகும் அடுக்குமாடி வீடுகளைக் கட்டுவதற்கு முன்னாலேயே சுற்றிக்காட்டும் படங்கள்தான் என் பிழைப்பு. என் படங்களில் எப்போதும் மாலை வெயில்தான். எதிர்வீட்டுச் சுவர் இருக்காது, தெருவில் தண்ணீர் தேங்காது.

நான் பயன்படுத்துவது இலவச மென்பொருள். உலகத்தின் எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாதவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருப்பது. ஐம்பதை நெருங்கும் வயதில் வேலை போனவனுக்கு இப்படி ஒரு கருவி சும்மா கிடைத்ததை நான் இன்றைக்கும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

கணினிக்குள் ஒரு பொருளைக் கட்டி முடித்துவிட்டால் மட்டும் படம் வந்துவிடாது. அதன்மேல் வெளிச்சம் விழுந்தால் எப்படித் தெரியும் என்று கணினி கணக்குப் போட்டுப் படமாக்க வேண்டும். அதற்குப் பெயர் ரெண்டர். அதைச் செய்யப் பல வழிகள் உண்டு. வீட்டில் வேலை செய்கிறவனுக்கு முக்கியமானவை மூன்று.

ஒன்றில், ஒவ்வொரு வெளிச்சக் கதிரும் எதில் பட்டு, எங்கே தெறித்து, எதற்குள் ஊடுருவி வருகிறது என்று கணினி தொடர்ந்து போய்ப் பார்க்கும். நிஜத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும். ஆனால் ரொம்ப மெதுவாக வரும். முதலில் ரவையைத் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கும். இதை நான் கதிர் முறை என்பேன்.

இன்னொன்று வேக முறை. கதிர்களை எல்லாம் துரத்திக்கொண்டிருக்காமல், ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று கண நேரத்தில் காட்டிவிடும். வீடியோ கேம்கள் ஓடுவது இந்த வழியில்தான். நிழல் சில இடத்தில் தப்பாக விழும், மூலையில் வெளிச்சம் கசியும். ஆனால் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது, கார்ட்டூன் மாதிரி கறுப்புக் கோடும் தட்டையான வண்ணமுமாகக் காட்டும் வழி.

மேற்கு தாம்பரத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் சலீம் பாய்தான் என் கணினியைக் கட்டிக்கொடுத்தவர். முதல்முதலாக நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட அன்று, சோதனைக்காக ஒரு எவர்சில்வர் டம்ளரை இரண்டு முறையிலும் ரெண்டர் செய்து பார்த்தோம். கதிர் முறையில் வந்த டம்ளரின் வயிற்றில், படத்துக்கு வெளியே இருந்த ஜன்னலும் வளைந்து தெரிந்தது. வேக முறையில் அந்த ஜன்னல் இல்லை. படத்துக்குள் இருப்பதை மட்டும்தான் அது பிரதிபலித்தது.

சலீம் பாய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேக முறையில் வந்ததைச் சுட்டிக்காட்டினார். "இது டம்ளர் படம் சார். அதுல காபி ஊத்திக் குடிச்சிடலாம்" என்றார்.

அன்றிலிருந்து முக்கியமான வேலை என்றால் கதிர் முறைதான் என்பது எனக்குள் முடிவாகிவிட்டது. அக்காவின் இதயத்தைவிட முக்கியமான வேலை எது?

ரொம்ப நன்றாக இருந்த படம்

பாடப்புத்தகங்களில் உள்ள படங்களையும் டாக்டர்களின் விரிவுரைகளையும் பார்த்துப் பார்த்து இதயத்தைக் கட்டினேன். அறைகள், சுவர்கள், வால்வைப் பிடித்திருக்கும் நூல் போன்ற நாண்கள். தசைக்குள் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவிச் சிவப்பாகக் கசியும் அல்லவா, விரலுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் தெரிவது போல? கதிர் முறையில் அது அப்படியே வந்தது. ஈரம் மினுங்கியது. ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப்படமும் வந்து சேர வெகுநேரம் பிடித்தது. கணினியின் சூட்டில் அறை அடுப்படி மாதிரி ஆகிவிட்டது. கீதா துணி காயப்போட இந்த அறையே போதும் என்றாள்.

அந்தப் படத்தைத்தான் அன்று காட்டினேன். மார்பு திறந்து, இதயம் தெரிந்து, அது மெதுவாக நிற்கிற இடம் வருவதற்கு முன்பே அவள் எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரம் கார்ட்டூன் வழியில் செய்து காட்டினேன். ரோஜா நிறத்தில், கறுப்புக் கோடு போட்ட, சமத்தான இதயம். இந்த முறை முழுசாக உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் சிரித்தாள்.

"இதுக்குக் கண்ணு மூக்கு வச்சா பேசும் போலிருக்கே. எனக்கு என்ன போலியோ சொட்டு மருந்தா கொடுக்கப் போறாங்க?"

அதோடு அந்த முயற்சியும் முடிந்தது. எனக்கு வருத்தம்தான். ஒன்று பயமுறுத்தியது, இன்னொன்று அவளைக் குழந்தையாக்கியது. இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளோ, கீதா செய்த வத்தக்குழம்பைப் பாராட்டிவிட்டுக் கிளம்பினாள். வாசல் படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை செல்போனை எடுக்கவில்லை.

மவுஸ் அவள் கையில்

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். என் கணினியின் உள்விசிறி ஒன்று கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. அதை மாற்றித்தர சலீம் பாய் வருவதாகச் சொல்லியிருந்தார். அக்கா சாப்பிட வந்திருந்தாள். பாய் கீழே வந்து, வண்டியை எங்கே நிறுத்துவது என்று போன் செய்தார். நான் இறங்கிப் போனேன். எதிர்வீட்டுக்காரர் வாசலை மறிக்காமல் வண்டியை நிறுத்தி, பேசிக்கொண்டே மேலே வரக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது.

அறைக்குள் வந்தால் அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் இருந்தது மென்பொருளில் நான் வேலை செய்யும் பக்கம். கட்டும்போது நான் பார்த்துக்கொள்வதற்காக மட்டும் வைத்திருக்கும் காட்சி. வேக முறையில் ஓடுவது. ஈரமும் மினுக்கமும் இல்லை. களிமண்ணில் செய்தது போன்ற சாம்பல் நிற இதயம். எனக்கு அடையாளம் தெரிவதற்காக வால்வுகளுக்கு மட்டும் மஞ்சளும் பச்சையும் பூசியிருந்தேன். அதை யாருக்கும் காட்டும் படமாக நான் நினைத்ததே இல்லை.

அக்கா மவுஸின் நடுச்சக்கரத்தை அழுத்திப் பிடித்து இதயத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் செய்வதைப் பார்த்துப் பார்த்தே கற்றிருக்கிறாள். திருப்பினாள், அருகே போனாள், பின்னால் வந்தாள். அவள் கை போன பக்கமெல்லாம் அந்தக் கணமே படமும் போனது.

நான் உதவப் போனேன். அவள் என்னைப் பார்க்காமலேயே பக்கத்து ஸ்டூலைக் காட்டினாள். உட்கார்ந்தேன். சலீம் பாய் கொண்டுவந்த விசிறியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"திறக்காத கதவு எது, இதுவா?" என்று கேட்டாள்.

பச்சை நிறத்தில் இருப்பது என்றேன். ஒரு ரத்த நாளத்தின் வழியாக உள்ளே போனாள். அறைக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பது போல வால்வைப் பார்த்தாள். கீழே, படம் ஓடும் நேரத்தைக் காட்டும் காலக்கோட்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தாள். வால்வு கொஞ்சமாகத் திறந்து மூடியது, திறந்து மூடியது. இவ்வளவுதான் திறக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நல்ல வால்வு எவ்வளவு திறக்கும் என்று கேட்டாள். காட்டினேன். வெகுநேரம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

பிறகு காலக்கோட்டை நகர்த்திக்கொண்டே போய், இதயம் நிற்கும் இடத்துக்கு வந்தாள். அவளே வந்தாள். அங்கே நிறுத்திவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"இப்படி நிறுத்துவாங்க. சரி. திரும்ப ஓடலன்னா?"

மறுபடி திரையைக் காட்டினாள்.

"இத்தன நாளா இதான்டா எனக்கு. அறுக்குறது தைக்குறது எல்லாம் எனக்குப் பயமில்ல. நான் தூங்கிட்டு இருப்பேன். என் வண்டி நின்னு போயிருக்கும். நான் அதுல இருக்க மாட்டேன்."

எத்தனையோ மாதமாக நாங்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்டும் வெளியே வராத வார்த்தை. பதில் எனக்குத் தெரியாது, டாக்டரிடம் கேட்போம் என்றேன். போய்க் கேட்டால் பைத்தியக்காரி என்று நினைப்பார்களே என்றாள்.

வாசலில் நின்ற சலீம் பாய்தான் சொன்னார். "அக்கா, கடையில லேப்டாப் ஒண்ணு சும்மாதான் கீது. இதை அப்படியே அதுல ஏத்திக் குடுக்குறேன். டாக்டரம்மா முன்னாடி வச்சு, நீங்களே திருப்பிக் காட்டிக் கேளுங்க. இன்னா நெனைக்கப் போறாங்க?"

டாக்டர் சொன்ன பதில்

டாக்டர் ஷீலாவின் அறையில் அக்கா லேப்டாப்பைத் திறந்து மேசையில் வைத்தாள். புறநோயாளிகள் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டிருந்தது. டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த ஒரு செய்கைக்காகவே அவருக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சார், புது வால்வைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க. இப்படிப் போட்டா ரத்தம் முன்னாடியே போகாது." இயந்திரத்துக்குப் போகும் குழாயையும் தப்பான இடத்தில் செருகியிருந்தேன். அவர் சொல்லச் சொல்ல அங்கேயே மாற்றினேன். மாற்றிய நொடியிலேயே திரையில் சரியாகிவிட்டது. கதிர் முறையில் செய்த படமாக இருந்தால், மறுபடி ரெண்டர் செய்து எடுத்துவரப் பல நாள் ஆகியிருக்கும். அதற்குள் அக்கா மனசை மூடிக்கொண்டிருப்பாள்.

பிறகு அக்கா இதயத்தை நிறுத்தினாள். தன் கேள்வியைக் கேட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "நெறைய பேருக்கு அது தானாவே துடிக்க ஆரம்பிச்சிடும்மா. சூடான ரத்தம் உள்ள போனதும் அதுவே எழுந்துக்கும். எழுந்துக்கலன்னா சின்னதா ஒரு ஷாக் கொடுப்போம். அப்பவும் மெதுவா இருந்தா, மெல்லிசா வயர் வச்சு வெளிய இருந்து ஓட்டுவோம். அது நல்லா ஓடுற வரைக்கும் மெஷினை எடுக்க மாட்டோம்."

"ஒருத்தருக்குக்கூட ஓடாம போனதில்லையா?"

"அப்படி ஆகவே ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ரிஸ்க் இருக்கு, சின்னது. இப்படியே விட்டா அது ரொம்பப் பெருசு. நீங்க தூங்கிட்டிருக்கும்போது நான் முழிச்சிட்டிருப்பேன். அதை மட்டும் உறுதியாச் சொல்லலாம்."

அக்கா லேப்டாப்பை மூடினாள். எப்போது வந்து சேர வேண்டும் என்று கேட்டாள்.

வெளியே வந்து ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது என்னிடம் சொன்னாள். ஆகவே ஆகாது என்று அந்த அம்மா சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன் என்று.

தானாகவே

அறுவை சிகிச்சை அன்று காலையிலிருந்து நானும் கீதாவும் மருத்துவமனையின் நீள வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். சலீம் பாய் கடையைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். நடுவில் ஒருமுறை போய்த் தொழுதுவிட்டு வந்தார். கீதா கந்த சஷ்டி விரதக்காரி. அவள் உதடும் அசைந்துகொண்டேதான் இருந்தது. நான் எதிர்ச்சுவரில் விழுந்த ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று மனது தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வேறு எதையும் நினைக்காமல் இருக்க அது உதவியது.

கதவு திறந்து டாக்டர் வந்தார். முகக்கவசம் கழுத்தில் தொங்கியது. நெற்றியில் தொப்பி அழுத்திய தடம்.

"தானாவே ஆரம்பிச்சது சார்," என்றார். "ஷாக்கே தேவைப்படல. அவங்ககிட்ட முதல்ல அதைச் சொல்லணும்."

சலீம் பாய் என் தோளில் கை வைத்தார். கீதா சுவரில் சாய்ந்து அழுதாள். நான் கையைக் கூப்பினேன். அவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கண்ணாடிக்கு அப்பால் அக்காவைப் பார்த்தேன். உடம்பெல்லாம் குழாய். பேச முடியாது. நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவள் வலது பாதம் போர்வைக்குள் கொஞ்சம் அசைந்தது.

இப்போது

இருமும்போது மார்பில் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும் என்ற காலம், சின்னக் கருவிக்குள் பந்து எழும்பும்படி குழாயில் மூச்சு இழுக்கும் பயிற்சிக் காலம் எல்லாம் கடந்துவிட்டது. உலோக வால்வில் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுக்க உண்டு. அதற்கு அவள் அலுத்துக்கொள்வதில்லை. டாக்டர் சம்மதித்த பிறகு மறுபடி பயிற்சி வண்டியில் உட்கார ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டர் ஷீலா கேட்டுக்கொண்டதால், அந்தச் சாம்பல் நிற இதயத்தை யாரும் எளிதாகத் திருப்பிப் பார்க்கும்படி செய்து மருத்துவமனைக்குக் கொடுத்திருக்கிறேன். சலீம் பாய் அதைத் தொடுதிரையில் ஓடும்படி செய்து தந்தார். நோயாளிகள் கையில் கொடுத்துவிட்டு டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாராம். கதிர் முறையில் செய்த படத்தையும் வாங்கிக்கொண்டார். மருத்துவ மாணவர்களுக்குக் காட்ட அதுதான் சரி, தசையின் நிறம் அப்படியே இருக்கிறது என்றார். எந்த முறை சிறந்தது என்று இப்போது யாராவது கேட்டால், யார் பார்க்கப் போகிறார்கள் என்று திருப்பிக் கேட்கிறேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் அக்கா வந்திருந்தாள். ஒரு அடுக்குமாடிப் படத்தின் ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று மின்சாரம் போய்விட்டது. கணினி அணைந்தது. மின்விசிறி, ஃபிரிட்ஜ், மாடியில் ஓடிய மோட்டார் எல்லாம் நின்றன. காலையிலிருந்து செய்த வேலை போயிற்று. விமானம்கூட அந்த நேரத்தில் இல்லை. எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்போது எங்கிருந்தோ டிக், டிக் என்று சன்னமாக ஒரு சத்தம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அது பேட்டரி தீர்ந்து நின்று பல நாளாகிவிட்டது. மேசை மேல் தேடினேன். இழுப்பறையைத் திறந்து பார்த்தேன்.

சோபாவில் சாய்ந்திருந்த அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"தேடாதடா. அது நான்தான்."